கவுன்சலிங் உளவியல் முனைவர் படிப்பு: இரண்டு இடங்களில் எதை ஏற்பது?

கயல்விழி, திருச்சி

அனைவருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டுத் திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் என் அறைக்கு வெளியே பெஞ்சில் இடம் இருக்காது. மருத்துவப் படிப்பு கிடைக்காத பிள்ளை, அந்தப் பிள்ளையைவிட அதிகமாக உடைந்துபோன அப்பா என்று இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேச வேண்டும். இந்த வேலையை ஆழமாகக் கற்க வேண்டும் என்றுதான் அமெரிக்காவில் விண்ணப்பித்தேன். இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன.

முதலாவது, மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் உள்ள அரசுப் பல்கலைக்கழகம். கவுன்சலிங் உளவியலில் பிஎச்.டி. கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாத உதவித்தொகையும் உண்டு. வழிகாட்டிப் பேராசிரியரின் ஆய்வு, குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. இரண்டாவது, கடற்கரை நகரம் ஒன்றில் உள்ள தனியார் கல்லூரி. சை.டி. பட்டம், அதாவது சிகிச்சையை முதன்மையாக வைக்கும் உளவியல் முனைவர் பட்டம். சிகிச்சைப் பயிற்சி அதிகம், சீக்கிரம் முடியும் என்கிறார்கள். ஆனால் கட்டணம் முழுவதும் நாங்களே கட்ட வேண்டும். அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கத் தயாராக இருக்கிறார்.

எனக்கு ஆய்வில் பெரிய நாட்டம் இல்லை. மனிதர்கள் எதிரே உட்கார்ந்து கேட்பதுதான் எனக்குப் பிடித்தது. படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவேன். ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மணிமாறன்

கயல்விழி, நான் இதே துறையில் அமெரிக்காவில் பிஎச்.டி. முடித்து, இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனை மையத்தில் வேலை செய்கிறேன். பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பிஎச்.டி. என்றால் ஆய்வாளர், சை.டி. என்றால் சிகிச்சையாளர் என்று பிரித்துப் பார்க்காதீர்கள். ஆய்வும் சிகிச்சையும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்ற பயிற்சி முறை 1949இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் நடந்த உளவியலாளர் மாநாட்டில் உருவானது. சிகிச்சையை முதன்மையாக வைக்கும் சை.டி. முறைக்கு 1973இல் வெய்ல் நகரில் நடந்த மாநாடு வலுச் சேர்த்தது. இரண்டில் எதை முடித்தாலும் உளவியலாளராக வேலை செய்யும் உரிமத்துக்கு எழுதும் இ.பி.பி.பி. தேர்வு ஒன்றே. நான் பிஎச்.டி. படித்த காலத்தில் வாரந்தோறும் ஆட்களைச் சந்தித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே நீங்கள் விரும்பும் வேலை முதல் இடத்திலும் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருப்பது வேறு. படிப்பின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் தன் மாணவர்களின் விவரங்களைத் தன் இணையதளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும். எத்தனை ஆண்டில் முடித்தார்கள், எவ்வளவு செலவு, எத்தனை பேர் நடுவில் விலகினார்கள், இண்டர்ன்ஷிப் எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேர் உரிமம் பெற்றார்கள் என்று எல்லாம் அட்டவணையாக இருக்கும். சேர்க்கை அலுவலகம் தொலைபேசியில் சொல்லும் இனிமையான வார்த்தைகளைவிட அந்த அட்டவணையை நம்புங்கள். "சீக்கிரம் முடியும்" என்றார்களே, அது உண்மையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நம்மைப் போன்றவர்களுக்கு அதில் மிக முக்கியமானது இண்டர்ன்ஷிப். பட்டம் பெறும் முன் ஓராண்டு முழுநேரப் பயிற்சி. நாம் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், அவர்களும் மாணவர்களை வரிசைப்படுத்துவார்கள், இரண்டையும் பொருத்தி இடம் ஒதுக்குவார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் இந்தப் பயிற்சியின் மிகப் பெரிய களங்களில் ஒன்று. அங்கே அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களை எடுப்பதில்லை. மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்தக் கதவு முழுவதுமே மூடியிருக்கிறது. பல்கலைக்கழக ஆலோசனை மையங்கள் நம்மை எடுக்கின்றன, அதனால்தான் நானும் அந்த வழியில் வந்தேன். இரண்டு இடங்களிலும் முன்பு படித்த வெளிநாட்டு மாணவர்கள் இண்டர்ன்ஷிப்புக்கு எங்கே போனார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது பணம். கட்டணத் தள்ளுபடி என்றால் எல்லாமே தள்ளுபடி என்று அர்த்தமில்லை. மருத்துவக் காப்பீடு, மாணவர் கட்டணங்கள், கோடை மாதங்களில் உதவித்தொகை வருமா வராதா, எத்தனை ஆண்டுக்கு உறுதி என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. வேலை பார்த்துக்கொண்டே சை.டி. கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊர் திரும்பி ரூபாயில் சம்பளம் வாங்கி டாலரில் ஏறிய கடனை அடைப்பது பெரும் பாரம். அப்பாவிடம் நீங்களே "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தப் பேராசிரியரின் ஆய்வை எதற்காக ஒதுக்குகிறீர்கள்? 1908இல் பாஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டி நிலையம் தொடங்கினாரே, கவுன்சலிங் உளவியலின் வேர்களில் ஒன்று அதுதான். மருத்துவம் கிடைக்காத பிள்ளையையும் அவள் அப்பாவையும் உட்காரவைத்து நீங்கள் செய்வது அதே வேலை. உங்களுக்கு ஆய்வில் நாட்டம் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். பெஞ்சில் காத்திருக்கும் அந்தப் பெற்றோர்களைப் பற்றி உங்களுக்குள் ஆயிரம் கேள்விகள் இருக்கும்.

ஆய்வாளர் இனியன்

கயல் அக்கா, நான் தமிழ்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். திரும்பி வருவேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்தப் பக்கத்து நிலவரம்.

கவுன்சலிங்கில் முனைவர் பட்டம் இருப்பதாலேயே இங்கே மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அந்தப் பதிவு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் கையில் இருக்கிறது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் அந்தத் தகுதியைத் தனியாக வரையறுக்கிறது. பள்ளி, கல்லூரி, தனி ஆலோசனை மையம் ஆகியவற்றில் வேலை செய்ய அந்தப் பதிவு இல்லாதது தடையில்லை. மனநல மருத்துவமனைப் பணிதான் இலக்கு என்றால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இன்னொரு விஷயம். யுஜிசியின் 2018 விதிகளில், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சிறிய தனியார் கல்லூரியின் சை.டி.க்கு அந்த வழி இல்லை.

லண்டன் வாசகி

கயல்விழி, ஒருவேளை இரண்டையும் விட்டு அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பதானால் பிரிட்டனையும் பாருங்கள். இங்கே கவுன்சலிங் உளவியலாளர் என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். முழுநேரமாக மூன்று ஆண்டு, 450 மணி நேரம் ஆட்களோடு மேற்பார்வையில் பணி, நீங்களே ஒரு சிகிச்சையாளரிடம் 40 மணி நேரம் உட்கார வேண்டும். பெரும்பாலும் சொந்தச் செலவுதான், அதனால் கையில் இருக்கும் முதல் இடத்தை விடச் சொல்லமாட்டேன்.

கயல்விழி, திருச்சி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே இரண்டு அட்டவணைகளையும் பார்த்தேன். தனியார் கல்லூரியில் விலகியவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். மணிமாறன் அண்ணா, அட்டவணையில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனிக் கணக்கு இல்லை. இடம் கொடுத்தவர்களிடமே இதைக் கேட்டால் தவறாக நினைப்பார்களா?

மணிமாறன்

நினைக்கமாட்டார்கள். படிப்பின் பயிற்சி இயக்குநருக்கே எழுதுங்கள், சேர்க்கை அலுவலகத்துக்கு வேண்டாம். மாணவர் விசாவில் இருந்தவர்கள் எந்த மையங்களில் இண்டர்ன்ஷிப் செய்தார்கள் என்று நேராகக் கேளுங்கள். இப்போது மூன்றாம், நான்காம் ஆண்டில் இருக்கும் வெளிநாட்டு மாணவர் ஒருவரின் மின்னஞ்சலையும் கேட்டு வாங்கி, பேராசிரியர்கள் இல்லாத அழைப்பில் அவரிடம் பேசுங்கள். ஏப்ரல் 15 நெருங்கும்போது எல்லோருமே பரபரப்பாக இருப்பார்கள், இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.