சென்னை மாநகராட்சித் தேர்தலில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடுவதில்லை. எதை மாற்றினால் வருவார்கள்?

மாம்பலத்துக்காரன்:

2022 பிப்ரவரி 19-இல் நடந்த மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் பதிவான ஓட்டு 43.59 சதவீதம். நகர்ப்புற உள்ளாட்சி என்று மாநிலம் முழுக்கச் சேர்த்தால் 60-ஐத் தாண்டியது. ‘சென்னைக்காரன் சோம்பேறி’ என்று எல்லாரும் எழுதித் தள்ளினார்கள். சரி, அதற்குப் பத்து மாதம் முன்பு சட்டமன்றத் தேர்தலில் இதே ஊரில் 59 சதவீதம் வந்ததே, அந்த ஆட்கள் எல்லாம் அதற்குள் எங்கே போனார்கள்? தேர்தல் நாள் சனிக்கிழமை, விடுமுறை வேறு. எங்கள் அடுக்குமாடியில் 24 வீடு, அதில் பத்து வீட்டுக்காரர்கள் போயிருந்தால் அதிகம். மழை வந்தால் சாக்கடை ஏன் ஓடவில்லை என்று வாட்ஸப் குழுவில் கத்துவது மட்டும் அத்தனை பேரும்.

இப்போதைய மன்றத்தின் ஐந்து வருஷம் 2027 மார்ச்சில் முடிகிறது. மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து நடத்துவதா, ஓட்டைக் கட்டாயமாக்குவதா? அறிவுரை வேண்டாம், எந்த விதியை மாற்றினால் ஆள் வரும் என்று சொல்லுங்கள்.

வியாசர்பாடி சுப்பு:

மேயர்தான் சார், வேறு ஒன்றும் இல்லை. 1996-இல் மேயருக்குத் தனியாக ஓட்டுப் போட்டோம், ஸ்டாலின் வந்தார். 2001-இலும் நேரடி. 2006-இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மறுபடி நேரடி, சைதை துரைசாமி. 2019-இல் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். எந்தக் கட்சி ஆண்டாலும் தனக்கு எது வசதியோ அதற்கு ஏற்ப விதியைத் திருப்பிப் போடுகிறது. 2022-இல் வார்டு முடிவு வந்து ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் மேயர் வேட்பாளர் யாரென்றே நமக்குத் தெரிந்தது, அவரும் போட்டியில்லாமல் வந்துவிட்டார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை யாரென்று பந்தி முடிந்த பிறகு சொன்னால் எவன் வருவான்?

பூத் ஏஜென்ட் அக்கா:

சுப்பு தம்பி, மேயர் விஷயம் சரி. ஆனால் நான் பல தேர்தலில் பூத்தில் உட்கார்ந்தவள், அங்கே பார்ப்பது வேறு. மாநகராட்சித் தேர்தலில் பூத்தை வார்டு எல்லைப்படி பிரிப்பார்கள். சட்டமன்றத் தேர்தலில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டவர் அதே இடத்துக்கு வருவார், இங்கே உங்கள் பெயர் இல்லை என்போம். மெயின் ரோடு தாண்டி இன்னொரு பள்ளிக்கூடம். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு பூத், பிள்ளைக்கு ஒரு பூத் என்றும் பார்த்திருக்கிறேன். வயசானவர்கள் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள், வெயில் ஏறிவிட்டால் மறுபடி எங்கே வரப்போகிறார்கள்.

அப்புறம் அந்த 43-ஐயே நான் முழுசாக நம்பமாட்டேன். செத்தவர், வீடு மாறினவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் எல்லாரும் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். 2025 கடைசியில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று நடத்தினார்களே, அதன் வரைவுப் பட்டியலில் சென்னையின் 16 தொகுதிகளில் மட்டும் 14 லட்சம் பெயர்கள் போயின. அதில் நியாயமாக இருக்கவேண்டியவர்களும் எத்தனையோ பேர், அது தனிச் சண்டை. ஆனால் வகுக்கும் எண் ஊதிக் கிடந்தால் சதவீதம் குறைவாகத்தானே காட்டும்? அடுத்த தேர்தலில் ஒரு ஆள்கூடக் கூடுதலாக வராமலே சதவீதம் ஏறும், அதையும் சாதனை என்று சொல்லிக்கொள்வார்கள் பாருங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் மணி:

நான் இருக்கும் ஊரில் இதே தலைவலி இருந்தது. நகராட்சித் தேர்தல் ஒற்றைப்படை வருஷத்தில், வேறெந்தத் தேர்தலும் இல்லாத வசந்த காலத்தில் தனியாக நடக்கும். 2013 மேயர் தேர்தலின் இறுதிச் சுற்றிலேயே ஏறத்தாழ 23 சதவீதம்தான். ஓட்டுப் போட்டால் பரிசுக் குலுக்கல் வைக்கலாம் என்று 2014-இல் நகரின் நெறிமுறை ஆணையமே யோசனை சொன்னது, சிரிக்காதீர்கள். கடைசியில் 2015 மார்ச்சில் நகர சாசனத்தைத் திருத்தி, இரட்டைப்படை வருஷத்துக்கு, மாநில, தேசியத் தேர்தல்களோடு சேர்த்து மாற்றினார்கள். அந்தத் திருத்தத்துக்கு ஓட்டுப் போட வந்தவர்களே பத்து சதவீதம் போலத்தான்! 2022 நவம்பரில் முதல்முறையாக அந்த முறையில் மேயர் தேர்தல் நடந்தது, 40-ஐத் தாண்டியது. இடையில் கலிஃபோர்னியாவில் எல்லா வாக்காளருக்கும் வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்புவதும் வழக்கமாகிவிட்டதால் முழுப் பெருமையும் தேதிக்குப் போகாது. ஆனால் பெரும்பங்கு தேதிதான் என்பது என் கணக்கு. செலவே இல்லாத மாற்றம், ப்ரோ.

வியாசர்பாடி சுப்பு:

மணி, அங்கே சரி. இங்கே இரண்டு சிக்கல். மாநகராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், சட்டமன்றத்தை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். அதைக்கூடப் பேசித் தீர்க்கலாம். அரசியலமைப்பின் 243யு பிரிவு மன்றத்துக்கு ஐந்து வருஷம், அதற்கு மேல் கிடையாது என்கிறது. தேதியை ஒட்ட வைக்கவேண்டும் என்றால் ஒன்று மன்றத்தை முன்கூட்டியே கலைக்கவேண்டும், இல்லையென்றால் தனி அலுவலர் ஆட்சி. 2016-இலிருந்து 2022 வரை கவுன்சிலரே இல்லாமல் இருந்தது போதாதா? அதோடு சட்டமன்ற அலையில் வார்டுப் பிரச்சினை காணாமல் போகும். எங்கள் தெருக் குழாய்க்கும் மாநில அரசியலுக்கும் சேர்த்து ஓட்டுப் போடுவோம்.

மாம்பலத்துக்காரன்:

கட்டாய ஓட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானே தேடிப் பார்த்தேன். குஜராத்தில் உள்ளாட்சிக்கு அப்படி ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள், 2015-இல் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்துவிட்டது. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

மணி சொன்ன தேதி மாற்றம்தான் எனக்கு முதலில் பிடித்தது, சுப்பு சொன்ன பிறகு ஆசை போய்விட்டது. மேயர் நேரடித் தேர்தல் சட்டமன்றம் மனசு வைத்தால் ஒரே திருத்தத்தில் முடியும், ஆனால் மனசு வைக்கவேண்டியது ஆளுங்கட்சி. அக்கா சொன்ன பூத் விஷயத்துக்கு யார் மனசும் மாறவேண்டியதில்லை. எங்கள் அடுக்குமாடியில் யாருக்கு எந்த பூத் என்று ஒரு பட்டியல் போட்டு, வார்டு பட்டியல் வெளியானதும் ஒப்பிட்டு, தூரமாகப் போட்டிருந்தால் ஆட்சேபம் எழுதலாம் என்று இருக்கிறேன். அக்கா, ஆட்சேபத்தை மண்டல அலுவலகத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

பூத் ஏஜென்ட் அக்கா:

வாங்குவார்கள். வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்ட நகலை விடாமல் கேட்டு வாங்கிக்கொள். போகும்போது தனியாகப் போகாதே, நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போ.