காயம்பட்ட தங்கமீனுக்குக் கடல்நீர் உதவுமா?

உச்சிப்புளியான்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நாற்பது லிட்டர் கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களை வளர்த்து வருகிறோம். தொட்டிக்குள் இருந்த பழைய பவளக்கல்லில் உரசியதால், பெரிய மீனின் விலாப்பக்கத்தில் நாணய அளவுக்குச் செதில்கள் பெயர்ந்து சிவந்த சதை தெரிகிறது; வால் துடுப்பும் கிழிந்திருக்கிறது. கல்லை அகற்றிவிட்டேன். மீன் நீந்துகிறது, தீனிக்கு மட்டும் மேலே வருவதில்லை. கடலுக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுப் பெரியவர், உப்புத்தண்ணீர் பட்டால் எந்தப் புண்ணும் ஆறும், பாம்பனிலிருந்து ஒரு கேன் கடல்நீர் கொண்டுவந்து ஊற்று என்கிறார். மஞ்சள்தூள் பூசச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைப்பவை காவிரிக் குழாய்நீரும் உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரும். எதைச் செய்வது நல்லது?

தொட்டிக்காரர், இராமநாதபுரம்:

தம்பி, பெரியவர் உப்பைச் சொன்னது சரி, காரணம்தான் வேறு. நன்னீர் மீனின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் அளவுக்கு உப்புச்செறிவு உண்டு. சுற்றியுள்ள நீரில் அது மிகக் குறைவு என்பதால், வெளிநீர் எந்நேரமும் மீனின் உடலுக்குள் புகப் பார்க்கும்; செதிலும் அதன்மேல் உள்ள வழுவழுப்புப் படலமும்தான் அதைத் தடுத்து வைக்கின்றன. அந்தத் தடுப்பு கிழிந்த இடத்தில் நீர் உள்ளே புகுகிறது, உப்பு வெளியேறுகிறது. சிறுநீரகமும் செவுளும் அதை ஈடுகட்டியே களைத்துப்போவதால், புண்ணை ஆற்ற மீனிடம் தெம்பு மிஞ்சுவதில்லை. நீரில் சிறிது உப்பைக் கரைத்தால் இந்தச் சுமை குறையும்.

அயோடின் சேர்க்காத கல் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளமே இருப்பதால் நமக்கு அதற்குப் பஞ்சமில்லை. லிட்டருக்கு 1 கிராம் என்று தொடங்கி, ஓரிரு நாட்களில் 3 கிராம் வரை கூட்டலாம். உப்பைத் தனியே கரைத்து ஊற்ற வேண்டும். கல்லாகப் போட்டால் மீனின் மேல் பட்டுச் சுடும். கிணற்று நீரைக் கலப்பதானால் அதில் ஏற்கெனவே உள்ள உப்பை டிடிஎஸ் மீட்டரால் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். குழாய்நீரில் குளோரின் இருக்கும் என்பதால், மீன் கடையில் ஆன்ட்டி குளோரின் என்று கேட்டு வாங்கிச் சில சொட்டுகள் விட்ட பிறகே ஊற்றுங்கள். நீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் நீரை மட்டும் நிரப்ப வேண்டும், ஏனெனில் உப்பு ஆவியாகாது. நீரை மாற்றும்போது, மாற்றிய அளவுக்கு மட்டும் உப்புச் சேருங்கள்.

மீனை இருபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றுங்கள். வலையில் பிடித்தால் மிச்சமுள்ள படலமும் உரிந்துவிடும். நீரோடு சேர்த்துக் கிண்ணத்தில் அள்ளுவதே நல்லது. பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் உடன் வையுங்கள், அதில் வாழும் பாக்டீரியாக்கள்தாம் மீனின் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவைச் செரிக்கின்றன. நாள்தோறும் கால்பங்கு நீரை மாற்றினால் மருந்தே தேவைப்படாமல் போகலாம். மஞ்சள் வேண்டாம், நீர்தான் கலங்கும்.

மண்டபம் வாசி:

நான் வளர்ப்பவை கடல்மீன்கள். அவற்றின் நிலைமை நேர்மாறானது: கடல்நீரில் உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்க, மீனின் உடலில் அதில் மூன்றில் ஒரு பங்கே உண்டு, ஆகவே புண் வழியாக நீர் வெளியே வடிகிறது, அங்கே உப்பைச் சற்றுக் குறைப்பதே இதம். கடலில் பிழைக்கும் பெரியவர் சொன்ன முறையை உங்கள் தொட்டிக்குள் அப்படியே கொண்டுவர முடியாததற்கு இதுவே காரணம். கணக்குப்படி ஒரு பங்கு கடல்நீருக்குப் பதினொரு பங்கு நன்னீர் கலந்தாலும் 3 கிராம் கிடைக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் பாக் நீரிணையின் உப்பளவு இறங்கிவிடும், கரையோர நீரில் படகு டீசலும் நுண்ணுயிர்களும் கலந்திருக்கும். திறந்த புண்ணுக்கு அது எதற்கு?

பவளக்கல்லைத் திரும்ப வைக்காதீர்கள். அதிலிருந்து கரையும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை ஏற்றும், காரம் ஏற ஏற அம்மோனியாவின் நச்சும் ஏறும். தவிர, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் உள்ளதால் அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். இன்னொன்று: நம் ஊர் வெயிலில் நீர் சூடாகி, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மின்சாரம் போகும் நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

உச்சிப்புளியான்:

அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. மீனைத் தனியே மாற்றி உப்பும் சேர்த்துவிட்டேன், இப்போது சிறிது தீனி எடுக்கிறது. புண்ணின் ஓரத்தில் வெண்மையாக ஏதோ படர்ந்துள்ளது. இது பூஞ்சையா?

தொட்டிக்காரர், இராமநாதபுரம்:

பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய ஏடுபோல உடலோடு ஒட்டியிருந்தால் அது புதுத்தோல். பஞ்சிழைகள் நீரில் அசைந்தால் பூஞ்சை. பூஞ்சையானால் மெத்திலீன் புளூ என்ற நீலநிற மருந்தை அட்டையிலுள்ள அளவில் விடலாம், ஆனால் அது ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும் என்பதால் ஸ்பாஞ்சை முதலில் எடுத்துப் பெரிய தொட்டியில் போட்டுவிட்டு, நீர் மாற்றுவதைக் கூட்டுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ செதில்கள் சிலிர்த்து நின்றாலோ பாக்டீரியா உள்ளே இறங்கியிருக்கிறது. அப்போது மனிதருக்கான மாத்திரைகளைப் பொடித்துப் போடாமல் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். வாலின் அடிப்பகுதி அழியாதவரை துடுப்பு மீண்டும் வளரும். தோல் முழுதும் மூடியபின், நீர் மாற்றும்போது உப்புச் சேர்க்காமல் விட்டு அளவைப் படிப்படியாக இறக்குங்கள். பெரிய தொட்டிக்குத் திரும்பிய முதல் நாள் மற்ற மீன் வாலைக் கொத்துகிறதா என்று கவனித்து, கொத்தினால் நடுவே வலைத்தடுப்பு வையுங்கள்.