நுழைவாயில் வளைவு வசூல்: அதற்கு முன் ஊரணி

வெளிநாடுகளில் இருக்கிற நம் ஊர்ச் சங்க உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஊர் முகப்பில் பெயர் வளைவு கட்ட ஆளுக்கு 25,000 ரூபாய் கேட்டுப் பொருளாளர் அண்ணன் போட்ட மடலைப் படித்தேன். பணம் தர மனமில்லாமல் இதை எழுதவில்லை. எங்கள் சின்னத்தை போன மாதம் ஒரு காதுகுத்துக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் விசேஷத்தைப் பற்றிப் பேசவில்லை, ஊரணியைப் பற்றித்தான் பேசினார். ஊரணிக்கு மழைநீர் கொண்டுவருகிற வரத்துக்காலில் சாம்பல் நிறத்தில் நுரையோடு தண்ணீர் ஓடி வந்து ஊரணியில் சேர்கிறதாம். படியில் நிற்க முடியாத நாற்றமாம். அங்கே மழை பெய்தே மாதக்கணக்கில் ஆகிறது. மழையில்லாத காலத்தில் ஊரணிக்கு வரத்து இருக்கிறதென்றால், அது யார் வீட்டுத் தண்ணீர்?

ரோட்டோரம் மனை போட்ட இடம் முழுக்க இப்போது வீடுகள். அதில் பல வீடுகள் இந்தக் குழுவில் இருப்பவர்கள் கட்டியவை. கட்டி வாடகைக்கும் விட்டிருக்கிறோம். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கிறது, சரி. ஆனால் செப்டிக் டேங்க் கசடைத்தான் தேக்கி வைக்கும். அதிலிருந்து வழிகிற தண்ணீர் கிருமியோடுதான் வெளியே வரும். அது மண்ணுக்குள் இறங்க உறிஞ்சுகுழி வேண்டும். மனைகளில் குழி வெட்டாமல் குழாயை நேராகத் தெருக்காலில் விட்டிருக்கிறார்கள். தெருக்கால் வரத்துக்காலில் சேர்கிறது, வரத்துக்கால் ஊரணிக்குப் போகிறது.

இங்கே நான் பார்க்கிற வேலையே இதுதான் என்பதால் கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன். 2019-இல் வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தருகிற ஜல் ஜீவன் திட்டம் வந்தபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு 55,000 லிட்டர். வீட்டுக்குள் வருகிற தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும் என்று வைத்துத்தான் பொறியாளர்கள் வடிவமைப்பார்கள். அப்படியானால் தினமும் 44,000 லிட்டர். குடத்தில் தூக்கி வந்த காலத்தில் மிஞ்சியது வாழைக்கும் முருங்கைக்குமே போதவில்லை. குழாய் வாசலுக்கு வந்த அன்றே இந்த 44,000 லிட்டர் எந்தப் பக்கம் போகும் என்று ஊர் கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வருவதற்கு மேல்நிலைத் தொட்டி, மோட்டார், குழாய், டேங்க் ஆபரேட்டர் எல்லாம் உண்டு. வெளியே போவதற்கு ஒன்றுமே இல்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது இனிமேல் வரப்போகிற வீடுகள். தண்ணீர்த் திட்டங்களுக்கு மதிப்பீடு போடும்போது மக்கள்தொகைக்கு அடிப்படையாக 2011 கணக்கெடுப்பைத்தான் எடுக்கிறார்கள். 2021-இல் எடுக்க வேண்டியது நடக்கவில்லை, அடுத்தது 2027-இல்தான். 2011-இல் அந்த ரோட்டோரம் வேலிக்கருவைக் காடு. எந்த வளர்ச்சி விகிதத்தைப் போட்டுப் பெருக்கினாலும் அந்தக் காட்டுக்குள் வீடு முளைக்கும் என்று கணக்கு காட்டியிருக்காது. குழாய் பதித்தால் 30 ஆண்டுக்கு, மோட்டார் வைத்தால் 15 ஆண்டுக்கு என்று திட்டமிடுவது வழக்கம். முப்பது ஆண்டில் நம் ஊரில் எத்தனை வீடு இருக்கும் என்று எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை. இந்தக் குழுவுக்குத்தான் அது தெரியும். மனை வாங்கிப் போட்டிருப்பவர் யார், ஓய்வு பெற்றதும் திரும்பி வந்து கட்டப்போகிறவர் யார், கட்டி வாடகைக்கு விடப்போகிறவர் யார் என்று நாமே எழுதிக் கொடுக்கலாமே.

சிங்கப்பூரில் 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் என்று திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊருக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டாம். மண் உறிஞ்சுகிற இடத்தில் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி போதும். களிமண் உள்ள தெருக்களில் அது நிரம்பி வழியும்; அங்கே தெருவுக்கு ஒன்றாகச் சரளைப் படுகை போட்டு நாணலும் கல்வாழையும் வளர்த்து, அதன் வழியாகத் தண்ணீரை வடித்துத் தோட்டத்துக்கு விடலாம். எது எங்கே ஒத்துவரும் என்று அறிய முதலில் ஊர் முழுக்க மேடு பள்ளம் அளந்து மட்டம் எடுக்க வேண்டும், மண்ணைச் சோதிக்க வேண்டும். வளைவுக்கான பணத்தில் இதைச் செய்வோம் என்பதே என் வேண்டுகோள்.

வாத்தியார் வீட்டு மூத்தவள்
சிங்கப்பூர்

*

தங்கச்சி எழுதியது படித்தேன். படித்த பிள்ளை, கணக்குச் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் வளைவை ஏதோ வீண் செலவு போலச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. எங்கள் அய்யா இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய ஆள். ஊர்ப் பெயரைக் கல்லில் வெட்டி ரோட்டு முக்கில் பார்க்க வேண்டும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் வளைவு கட்டியாகிவிட்டது. பேருந்தில் போகிறவன் அந்தப் பெயரைப் படித்துக்கொண்டே நம் ஊரைத் தாண்டிப் போகிறான். நம் பிள்ளைகளை அழைத்துப்போகும்போது இதுதான் நம் ஊர் என்று காட்ட ஒரு கல் வேண்டாமா?

கால்வாய் கட்டுவது அரசாங்கத்தின் வேலை. வீட்டு வரி, தண்ணீர் வரி எல்லாம் அதற்குத்தான். 15-ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனையே வைத்தார்கள். அந்தப் பணத்தைக் கேட்டு வாங்க வேண்டியது ஊர்க்காரர்கள். நாம் கட்டிக்கொடுத்துப் பழக்கினால் நாளைக்குத் தெருவிளக்குக்கும் நம்மிடம்தான் வருவார்கள்.

மேலத்தெரு
கோலாலம்பூர்

*

அனைவருக்கும்,

வளைவோ கால்வாயோ, எது கட்டினாலும் எனக்குச் சம்மதம். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூலித்த பணத்தின் கணக்கு வந்த பிறகு.

மிச்சம் இருந்த தொகை சங்கக் கணக்கில் இருக்கிறது என்று சொன்னார்கள். எந்த வங்கியில், யார் யார் கையெழுத்தில் என்று நான் கேட்ட மடலுக்கு இன்றுவரை பதில் இல்லை. நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. பற்றுவரவுத் தாளை அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்தது, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் கவனிக்கவும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. குடியுரிமை மாறியவர், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டுப் பணத்தை ஒழுங்குபடுத்துகிற 2010-ஆம் ஆண்டு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி அவர் பணம் வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதற்கான பதிவு நம் சங்கத்துக்குக் கிடையாது. இரண்டு வகைப் பணத்தையும் ஒரே கணக்கில் கொட்டிவிட்டு அப்புறம் பொருளாளர் மட்டும் அலைவது நியாயமில்லை. யார் எந்தக் கடவுச்சீட்டு என்று முதலில் பட்டியல் எடுங்கள்.

மூன்றாவது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சங்கம் வைத்த ஆர்.ஓ. இயந்திரம். அதற்கு வசூல் செய்தோம், திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டோம், படம் எடுத்தோம். சவ்வு மாற்றப் பணம் ஒதுக்கவில்லை. இப்போது அதன் மேல் துணி காய்கிறது. கட்டுகிற செலவை மட்டும் எழுதிக்கொண்டு எந்தத் திட்டமும் என்னிடம் வரக் கூடாது. மின்கட்டணம் எவ்வளவு, பார்த்துக்கொள்கிற ஆளுக்குச் சம்பளம் எவ்வளவு, கசடு அள்ள வண்டிக்கு எவ்வளவு, அது எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்று எழுதி அனுப்பினால் அன்றைக்கே என் பங்கைப் போடுகிறேன்.

மேலத்தெரு அண்ணன் சொன்ன மானியம் உண்மைதான். கூடவே நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது. மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். வளைவுக்குப் போடுகிற ஒவ்வொரு ரூபாயும் அங்கே மூன்று ரூபாய் வரை வேலையாகாமல் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை வீடு
தம்மாம்

*

அக்கா மடலைப் படித்ததும் தூக்கம் வரவில்லை. அந்த ஊரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த உடம்பு இது. கலங்கலாக இருந்தால் அம்மா குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை இழைத்து விடுவார். காலையில் பார்த்தால் அடி தெரியும். உள்ளே யாரும் காலை நனைக்கக் கூடாது, துணி அலசக் கூடாது, ஆடு மாடு கிட்டே வரக் கூடாது. காவலுக்கு ஆள் இருந்தார், அவருக்கு அறுவடைக்கு அறுவடை நெல் கொடுத்தோம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்ததும் அந்தக் காவல் போயிற்று. திருச்சிப் பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டு கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டோம். ஆற்றில் தண்ணீர் குறைகிற ஆண்டில் என்ன செய்வோம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொண்டாலும் சரி. வரத்துக்கால் மேலத்தெரு முக்கில் திடீரென்று ஒடுங்குகிறது. அங்கே ஒரு சுற்றுச்சுவர் நிற்கிறது. அந்தச் சுவர் எழும்பியபோது என் அப்பா போய்க் கேட்டார். திண்ணையில் உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரரே இப்போது ஊர்ப் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்கிறார்.

கீழத்தெரு, கடைசி வீடு
மஸ்கட்

*

சுவரைப் பற்றிப் பேசுகிறவர் புல வரைபடத்தை எடுத்து வந்து பேசட்டும். சர்வேயரை அழைத்து அளக்கட்டும், கட்டணத்தை நானே கட்டுகிறேன். செத்துப்போன பெரியவர்களை இதில் இழுக்க வேண்டாம். உன் அப்பா எங்கள் வீட்டு வில்வண்டியில்தான் பெண் அழைக்கப் போனார், அதையும் எழுது.

மேலத்தெரு

*

நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. ஊரணிக் காவலைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது.

அந்தக் காவல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் போட்டது இல்லை. எங்கள் தெருப் பெண்கள் படியில் இறங்கக் கூடாது. குடத்தோடு ஓரமாக நிற்க வேண்டும், யாராவது மொண்டு ஊற்றினால்தான் தண்ணீர். என் பாட்டி அப்படி நின்றவர். தேத்தாங்கொட்டை எங்கள் வீட்டிலும் இருந்தது.

இப்போது குழாய் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் எங்கள் தெரு குழாயின் கடைசி முனையில் இருக்கிறது. முன்னால் இருக்கிற வீடுகளில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் எங்களுக்குக் காற்றுதான் வரும். புதிய மனைகளுக்கும் அதே குழாயிலிருந்து இணைப்பு கொடுத்த பிறகு இன்னும் மோசம். ஊர் வளர்கிறது என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். வளர வளர முதலில் வற்றுவது எங்கள் குழாய்.

நாணல் படுகையோ என்னவோ, நல்ல யோசனை. எங்கே வைப்பீர்கள்? ஊர் கிழக்கே சரிகிறது. தண்ணீர் சரிவில்தான் போகும் என்று சொல்லி எல்லார் வீட்டுக் கழிவையும் எங்கள் தெருப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினால் நானே முதலில் எதிர்ப்பேன். இதற்குப் பதில் வேண்டும்.

கிழக்குக் குடியிருப்பு
தோகா

*

தோகா தம்பிக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

கிழக்கே ஒரே பெரிய படுகை வைப்பது செலவு குறைந்த வழி. வடிவமைக்கிற யாரிடம் கொடுத்தாலும் முதலில் அதைத்தான் வரைவார்கள். நான் அதற்கு ஒப்ப மாட்டேன். அந்தந்தத் தெருவின் தண்ணீரை அந்தந்தத் தெருவிலேயே முடிக்க வேண்டும். ரோட்டோர மனைகளின் தண்ணீருக்கு மனைகளுக்குள்ளேயே இடம் இருக்கிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த இடம் பத்திரத்தில் எங்கே இருக்கிறது, தரையில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பூங்கா பூங்காவாகவே இருக்கட்டும். ஒரு ஓரத்தில் படுகை வைத்தால் வடிந்த தண்ணீர் அங்கிருக்கிற மரங்களுக்கே ஆகும். கடைசி முனை அழுத்தத்துக்குக் கிழக்கே தனியாக ஒரு சிறு மேல்நிலைத் தொட்டி வேண்டும், புதிய மனைகளுக்குக் குழாயும் தனியாகப் போக வேண்டும். கால்வாய் மதிப்பீட்டோடு இதையும் சேர்த்துத்தான் கேட்கப் போகிறேன். தனியாகக் கேட்டால் விட்டுப்போகும்.

சுவர் விஷயத்துக்கு, சர்வேயர் கட்டணத்தைத் தானே கட்டுவதாக மேலத்தெரு அண்ணன் எழுதிவிட்டார். மிக்க நன்றி அண்ணே, அப்படியே செய்வோம். ஒரு சுவர் என்றில்லாமல் வரத்துக்கால் தொடங்குகிற இடத்திலிருந்து ஊரணி வரை முழுக்க அளக்கட்டும். வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா என்றும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து ஊராட்சி இப்போது தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறது. அதனால் தீர்மானம் போட முடியாது என்று சிலர் சொல்கிறார்களாம். கிராம சபை வழக்கம்போல் நடக்கிறது. முன்பு ஆண்டுக்கு நான்கு முறை, 2022-இலிருந்து ஆறு முறை. அக்டோபர் 2 அன்று கூடும்போது ரோட்டோர மனைகளின் கழிவுநீரும் வரத்துக்காலும் கடைசி முனைத் தொட்டியும் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற வேண்டும். அங்கே ஏறினால்தான் மானியப் பணமும் நமக்கு நாமே பணமும் பேச்சுக்கே வரும்.

பராமரிப்புச் செலவுத் தாளை இந்த வாரத்துக்குள் தம்மாம் அண்ணனுக்கு அனுப்புகிறேன். அண்ணன் கேட்ட கும்பாபிஷேகக் கணக்கையும் பொருளாளர் அண்ணன் அனுப்பிவிட வேண்டும். அது வராமல் நானும் யாரிடமும் பணம் கேட்கப் போவதில்லை.

ரோட்டோரம் வீடு கட்டியிருப்பவர்களுக்கு ஒன்று மட்டும். உங்கள் செப்டிக் டேங்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று குடியிருப்பவரிடம் கேட்டு, ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தெருக்காலில் முடிந்தால் உறிஞ்சுகுழி வெட்ட வேண்டியது அவரவர் செலவு. சங்கப் பணம் அதற்கு இல்லை. எங்கள் அண்ணன் வீடும் அந்த வரிசையில்தான் இருக்கிறது, அவரிடம் சொல்லியாகிவிட்டது.

அக்டோபர் 2-க்கு ஊரில் இருக்கப்போகிறவர்கள் பெயர் கொடுங்கள். தீர்மான வாசகத்தை எழுதி அனுப்புகிறேன். வாசிப்பது கிழக்குக் குடியிருப்பிலிருந்து ஒருவராக இருந்தால் நல்லது.

வாத்தியார் வீட்டு மூத்தவள்
சிங்கப்பூர்