உதவி: 20-ஆம் தேதியே பணம் அனுப்பியும் அடுத்த மாத ஜிஎஸ்டி 3பி-யில் (வரி கட்டும் ரிட்டர்ன்) தாமதக் கட்டணம், வட்டி (பழைய கார் கடை, கீழக்கரை)

கீழக்கரை வண்டிக்கடை:
வணக்கம். பழைய கார் வாங்கி விற்கிற கடை, மாதாமாதம் ரிட்டர்ன். போன மாதக் கணக்கில் 5 வண்டி. நான்கு வண்டியில் சேர்ந்து மார்ஜின் (விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம்) 1,40,000, ஒரு வண்டியில் 15,000 நட்டம். மிச்சம் 1,25,000-க்கு 18% போட்டு 22,500 ரூபாயைக் கெடு நாளான 20-ஆம் தேதி சாயங்காலம் நெஃப்டில் அனுப்பினோம். ஜிஎஸ்டி போர்ட்டலில் உள்ள நம் கேஷ் லெட்ஜரில் 21-ஆம் தேதிதான் ஏறியது. முதலாளி துபாயில் இருக்கிறார், ஓடிபி கிடைத்து ஃபைல் ஆனது 24-ஆம் தேதி. இந்த மாத 3பி-யைத் திறந்தால் தாமதக் கட்டணம் 200, வட்டி 44 ரூபாய் சொச்சம் தானாகவே வந்து நிற்கிறது. பேங்கில் 20-ஆம் தேதியே கழிந்த பணத்துக்கு வட்டியா? இனி வராமல் இருக்க என்ன வழி?

பரமக்குடி ஆடிட்:
கணக்கு சரிதான் அண்ணே. பேங்கில் கழிந்த தேதி செல்லாது, கேஷ் லெட்ஜரில் ஏறிய தேதிதான் கணக்கு. கட்டணமும் வட்டியும் வேறு வேறு காரணத்துக்காக வருபவை, சேர்த்துப் பார்க்காதீர்கள்.

தாமதக் கட்டணம் ரிட்டர்னுக்கு. நாளுக்கு 50 ரூபாய் (மத்திய, மாநிலக் கணக்கில் 25, 25), 4 நாளுக்கு 200. வட்டி வரிப் பணத்துக்கு. 22,500 × 18% × 4 ÷ 365 = 44.38. போன மாதத் தாமதத்தை அடுத்த மாத 3பி-யில்தான் போர்ட்டல் ஏற்றும், அதனால்தான் இப்போது தெரிகிறது.

இங்கே ஒரு சலுகை இருக்கிறது, கடைக்காரர்கள் பலர் கவனிப்பதே இல்லை. வட்டியைக் கணக்கிடும் விதி 88பி-யில் 2024 ஜூலையில் வந்த திருத்தப்படி, கெடு தேதிக்குள் லெட்ஜரில் ஏறி, ஃபைல் செய்யும்வரை அங்கேயே கிடக்கும் தொகைக்கு வட்டி கிடையாது. பணம் 20-ஆம் தேதிக்குள் ஏறியிருந்தால், 24-ஆம் தேதி ஃபைல் செய்திருந்தாலும் அந்த 44 ரூபாய் வந்திருக்காது, 200 மட்டும் வந்திருக்கும். ஆகவே 17, 18 தேதிக்குள் சலான் போட்டுவிடுங்கள். சலான் 15 நாள் செல்லும். நெஃப்ட் என்றால் சலானில் உள்ள தொகை ரூபாய் பிசகாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிவிடும். கடைசி நாள் ஆகிவிட்டால் நெஃப்டை நம்பாமல் நெட்பேங்கிங்கில் கட்டுங்கள்.

தொண்டி மோட்டார்ஸ் கணக்கு:
எல்லாரும் 44 ரூபாயைப் பார்க்கிறார்கள், பெரிய ஓட்டை மேலே கேள்வியிலேயே இருக்கிறது. ஒரு வண்டியின் நட்டத்தை இன்னொரு வண்டியின் மார்ஜினில் கழிக்க முடியாது. மார்ஜின் வண்டிக்கு வண்டி தனி. மைனஸ் வந்தால் அந்த வண்டிக்கு வரி இல்லை, அவ்வளவுதான். நீங்கள் 1,40,000-க்கு 25,200 கட்டியிருக்க வேண்டும், 2,700 குறைகிறது. அதற்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் (விற்பனை விவர ரிட்டர்ன்) போன மாதத் தொகையைத் திருத்தி, 3பி-யில் அந்த 2,700-ஐயும் அதற்கான வட்டியையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். இனிமேல் 3பி போடுவதற்கு முன்பே தவறு தெரிந்தால் அந்த மாதத்துக்கே ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற திருத்தப் படிவம் போடலாம்.

சதவீதத்தையும் பாருங்கள். 2025 ஜனவரி 16 முதல் பழைய வண்டி எல்லாவற்றுக்கும், எலெக்ட்ரிக் உட்பட, மார்ஜினில் 18%. சின்ன வண்டிக்கு 12% என்ற பழைய ஷீட்டை வைத்துப் பில் போட்டால் மாதாமாதம் குறையும்.

கீழக்கரை வண்டிக்கடை:
2,700 விஷயம் தெரியாமல் போயிற்று, நன்றி. கடற்காற்றில் அடித்தளம் அரித்த வண்டிதான் இங்கே அதிகம். டிங்கரிங், பெயின்ட் என்று ஒரு வண்டிக்கு 20,000 வரை போகிறது. அதை வாங்கிய விலையோடு சேர்க்கலாமா?

தொண்டி மோட்டார்ஸ் கணக்கு:
கூடாது. விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையை மட்டும்தான் கழிக்கலாம். 3,00,000-க்கு வாங்கி 20,000 செலவழித்து 3,50,000-க்கு விற்றால் உங்கள் கையில் நிற்பது 30,000. ஆனால் வரி 50,000-க்கு, அதாவது 9,000. ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து வண்டி என்றால் வாங்கும்போதே அடியில் ஜாக்கி போட்டுத் துருவைப் பார்த்து, அந்தச் செலவை விலையில் குறைத்து வாங்குங்கள். வாங்கிய விலை இறங்கினாலும் மார்ஜின் அதே அளவு ஏறும், எனவே வரியையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். இன்னொன்று, வாங்கும்போது உள்ளீட்டு வரி (வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டியை வரவு வைப்பது) எடுத்த வண்டிக்கு இந்த மார்ஜின் கணக்கே கிடையாது, முழு விலைக்கும் வரி.

பரமக்குடி ஆடிட்:
ஓடிபி விஷயம் விட்டுப்போனது. அது மொபைலுக்கு மட்டுமல்ல, பதிவு செய்த மெயிலுக்கும் போகும். முதலாளியின் சிம் துபாயில் ரோமிங் இல்லாமல் கிடந்தாலும் மெயிலில் எடுக்கலாம். நிரந்தர வழி வேண்டுமென்றால், கடையில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரை அதிகாரக் கடிதத்துடன் கையொப்பமிடுபவராகச் சேர்த்து, அவரை முதன்மையாக டிக் செய்யுங்கள். பதிவு விவரத்தில் நான்-கோர் (சிறு) திருத்தம்தான், அதிகாரி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். முதலாளி அடுத்த முறை ஊருக்கு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

மண்டபம் ஆட்டோ:
மாதாமாதம் போராடுவதற்குக் காலாண்டுத் திட்டத்துக்குப் போனால் என்ன? விற்றுமுதல் 5 கோடிக்குள் என்றால் முடியும் அல்லவா?

பரமக்குடி ஆடிட்:
முடியும். 3பி மூன்று மாதத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்குக் கெடு 22-ஆம் தேதி. ஆனால் முதல் இரண்டு மாத வரியை அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் பிஎம்டி-06 என்ற பணம் கட்டும் சலானில் கட்டியே ஆக வேண்டும். ரிட்டர்ன்தான் இல்லையே என்று இதை விட்டுவிட்டால் வட்டி ஏறும். வண்டியே விற்காத மாதமானாலும் மாதாந்திரக் கடை நில் ரிட்டர்ன் போட வேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய், உச்சம் 500. விற்பனை இருந்தால் விற்றுமுதல் 1.5 கோடி வரை உச்சம் 2,000, 5 கோடி வரை 5,000. தொடர்ந்து 6 மாதம் விட்டால் பதிவே ரத்தாகலாம்.

கீழக்கரை வண்டிக்கடை:
கடைசியாக ஒன்று. லெட்ஜரில் 600 ரூபாய் மிச்சம் இருக்கிறது, அந்த 200-ஐ அதிலிருந்து எடுக்க மறுக்கிறது.

பரமக்குடி ஆடிட்:
மிச்சம் ‘வரி’ தலைப்பில் இருக்கும். தாமதக் கட்டணம் ‘கட்டணம்’ தலைப்பிலிருந்தும் வட்டி ‘வட்டி’ தலைப்பிலிருந்தும்தான் போகும். லெட்ஜரில் தலைப்பு மாற்றும் பிஎம்டி-09 படிவம் போட்டு மத்திய, மாநிலக் கணக்கில் 100, 100 என்று மாற்றுங்கள், உடனே மாறிவிடும். கேரள முகவரியில் பில் போட்ட வண்டிக்கும் இதே சிக்கல் வரும். அதற்கு ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி), நீங்கள் பழக்கத்தில் சலானை மத்திய, மாநிலக் கணக்கில் போட்டிருப்பீர்கள். அங்கேயும் பிஎம்டி-09தான்.