எக்கோ சி போட்டால் லினக்ஸ் கெர்னல் எப்படி விழுகிறது?

பழைய_பென்குயின்:
"சிஸ்ஆர்க்யூ ட்ரிகர் கோப்பில் (கெர்னலுக்கு அவசரக் கட்டளை கொடுக்கும் கோப்பு) எக்கோ கட்டளையால் சி என்று எழுதினால் கெர்னல் நல் பாயிண்டரைத் (எந்த இடத்தையும் காட்டாத வெற்றுச் சுட்டி) தொட்டு விழும், விழும்போது நினைவகத்தைப் பதிவுசெய்யும் கேடம்ப்பைச் சோதிக்க அது போதும்" என்று நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அந்த வழியை 2018-லேயே எடுத்துவிட்டார்கள். கெர்னல் 4.20 முதல் நேரடி பேனிக்தான், அதாவது கெர்னல் தானே தன்னை நிறுத்திக்கொள்ளும். நல் பாயிண்டரைத் தொட்டால் என்ன ஆகும் என்று சி மொழி வரையறுக்கவில்லை, கம்பைலரை நம்பி இருக்க முடியாது என்றுதான் மாற்றினார்கள்.

சர்வர்_காவலன்:
அந்தத் தம்பி நான்தான். சென்ட்ஓஎஸ் 7 பெட்டியில் போட்டேன், நல் பாயிண்டர் என்றுதான் திரையில் வந்தது. கண்ணால் பார்த்ததை இல்லை என்பீர்களா?

பழைய_பென்குயின்:
அது 3.10 கெர்னல். பழைய நிரலில் பேனிக்_ஆன்_ஊப்ஸை (ஊப்ஸ் எனும் கெர்னல் பிழை வந்தால் பேனிக் ஆகச் சொல்லும் அமைப்பு) 1 ஆக்கிவிட்டுத்தான் நல் பாயிண்டரைத் தொடுவார்கள். இப்போது அந்த வரியே இல்லை. நேரடி பேனிக்.

இரவுப்பணி:
எப்படி விழுந்தால் என்ன அண்ணா? கிராஷ்கெர்னலுக்கு (டம்ப் எடுக்கும் இரண்டாவது கெர்னல்) நினைவகம் ஒதுக்காமல் இதைப் போட்டால் டம்பும் வராது, கெர்னல்.பேனிக் 0 (தானாக மறுதொடக்கம் வேண்டாம்) என்றிருந்தால் பெட்டி அப்படியே உறைந்து நிற்கும். நான் ஒருமுறை டெர்மினல் மாறி, ஓடிக்கொண்டிருந்த சர்வரில் அடித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம், காவலன் நேற்றைய பதிவில் கொடுத்த 'சுடோ எக்கோ சி > ட்ரிகர் கோப்பு' கட்டளை ஓடவே ஓடாது, கோப்பைத் திறப்பது ரூட் உரிமை தரும் சுடோ இல்லை, அந்த உரிமை இல்லாத உங்கள் ஷெல். சுடோ டீ (tee) கட்டளை வழியாக அனுப்புங்கள்.

சர்வர்_காவலன்:
நான் ரூட்டாக இருந்து அடித்தேன். சுடோ அவசரத்தில் எழுதியது, அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். நல் பாயிண்டர் வந்ததா இல்லையா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
உங்கள் கட்டளையை அப்படியே ஒட்டிப் பார்த்து அனுமதி இல்லை என்று வாங்கிக்கொள்கிறவன் பாவம் இல்லையா?

பழைய_பென்குயின்:
போன மாதம் கிராஷ்கெர்னல் அளவு பற்றிச் சொன்னபோதும் காவலன் இப்படித்தான், என்னைத் திட்டிவிட்டு ரெண்டு நாள் கழித்து நான் சொன்ன அளவையே வைத்தார். தம்பி, 4.20-க்குப் பிறகு நல் பாயிண்டர் கிடையாது. உண்மையாகவே ஊப்ஸ் வழியைச் சோதிக்க வேண்டுமென்றால் வேண்டுமென்றே கெர்னலை விழவைக்கும் எல்கேடிடிஎம் மாட்யூலை ஏற்றுங்கள், எந்த வகைப் பிழை வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். எக்கோ சி என்றால் நேரடி பேனிக். நேரடி பேனிக்.

சர்வர்_காவலன்:
உங்கள் அளவை நான் வைக்கவில்லை, அது ஆட்டோ, தானாக அமையும் அளவு. நாளைக் காலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறேன், நல் பாயிண்டர் என்று இருக்கும்.

பழைய_பென்குயின்:
கெர்னல் பதிப்பைக் காட்டும் யூநேம் வரியோடு சேர்த்துப் போடுங்கள்.