சிறுவர் சங்கடங்களை வைத்து நகைச்சுவைப் புத்தகம்: சிரிப்பு வரவேண்டிய இடத்தில் "பாவம்" என்கிறார்கள், எங்கே திருத்துவது?

மைத்துளி:
எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகம். கூடவே உட்கார்ந்து வாசிக்கும் பெரியவர்களுக்கும் அலுக்கக் கூடாது. கதை சொல்கிறவன் ஒன்பது வயதுப் பையன். வீட்டில் அம்மா, அப்பா, ஒன்பதாவது படிக்கும் அக்கா, நாலு வயதுத் தம்பி, பாட்டி. 12 அத்தியாயம் திட்டம், மூன்று எழுதியாயிற்று. முதல் அத்தியாயத்தில், பள்ளியில் குரூப் போட்டோ எடுப்பதற்கு முந்தைய நாள் மாலை அக்கா அவனுக்கு முடிவெட்டிவிடுகிறாள். 2,800 சொல். வாசித்தவர்கள் எல்லோரும் "பாவம் பையன்" என்கிறார்கள். மாதிரிக்கு:

"அக்கா என் முடியை வெட்டினாள். ஒரு பக்கம் ரொம்பக் குறைந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. மறுநாள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது."

டைரி வடிவத்துக்கு மாற்றினால் சரியாகுமா? முழுக்கப் பேச்சுத்தமிழில் எழுதலாமா? சம்பவங்களில் பாதி நிஜம், அதனால் வீட்டாரை எவ்வளவு தூரம் அப்படியே போடலாம் என்பதும் தெரியவேண்டும். படங்கள் எத்தனை வைப்பது?

ஓரக்குறிப்பு:
வடிவம் பிறகு. முதலில் அந்தப் பத்தி.

ஐந்து வாக்கியத்தில் இரண்டு பையனின் உணர்ச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன: அழுகை, அவமானம். அவனே சொல்லிவிட்டால் வாசகருக்கு இரக்கப்படுவதைத் தவிர வேறு வேலை இல்லை. இரண்டையும் அடித்துவிடுங்கள். "எல்லோரும் சிரித்தார்கள்" என்பதும் போகட்டும். கதைக்குள் இருப்பவர்கள் சிரிக்கச் சிரிக்க, வெளியே இருப்பவர் சிரிப்பது குறையும். அதிலும் ஒருவனைச் சுற்றி நின்று கும்பல் சிரிக்கிறது என்றால் வாசகர் உடனே அவன் பக்கம் போய் நின்றுகொள்வார்.

அதைவிடப் பெரிய சிக்கல், உங்கள் பையனிடம் திட்டம் எதுவும் இல்லை. அவனுக்கு ஏதோ நடக்கிறது, அவன் உட்கார்ந்திருக்கிறான். பிள்ளையே யோசித்து ஒரு வழி கண்டுபிடிக்கவேண்டும், அந்த வழி அவன் நியாயப்படி முழுக்கச் சரியாக இருக்கவேண்டும், அந்தச் சரியினாலேயே நிலைமை கெடவேண்டும். போன வருடப் போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவன் இந்த வருடம் ஒழுங்காக விழப்பார்க்கிறான். சலூனுக்குப் போனால் அப்பா கூட வந்து "ஒட்ட வெட்டுங்க" என்பார். ஆகவே அவனே அக்காவிடம் போய் பேரம் பேசுகிறான். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுப்பதும் அவனே. இப்போது அவன் பாவம் இல்லை, கூட்டாளி.

வெட்டும் இடத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்றாள் அக்கா. அதைச் சரிக்கட்ட வலது பக்கம் வெட்டினாள். இப்போது வலது பக்கம் அதிகமாகப் போய்விட்டது. அக்கா கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள். இரண்டு பக்கமும் சமமாகாமல் விடமாட்டாள்."

தலை கடைசியில் எப்படி ஆனது என்று இதில் ஒரு வார்த்தை இல்லை. அதை வாசகர் தானே வரைந்துகொள்வார். அக்காவைத் திட்டவும் இல்லை, பாராட்டியிருக்கிறது. அவளுடைய நல்ல குணம்தான் கத்தரிக்கோலை நிறுத்தவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

அதன்பிறகு மூன்று படி போதும். ஒவ்வொரு படியிலும் விஷயம் தெரிந்தவர்கள் எண்ணிக்கை கூடவேண்டும்: முதலில் அக்கா மட்டும், அப்புறம் வீடு, அப்புறம் வகுப்பு. வழுக்கைத் திட்டை மறைக்க ஸ்கெட்ச் பேனாவால் கறுப்புப் பூசுகிறான் (வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே வெற்றி). வரிசையில் வெயிலில் நிற்கவைக்கிறார்கள். கறுப்பு நெற்றியில் இறங்க ஆரம்பிக்கிறது. போட்டோகிராபர் "அசையாதீங்க" என்கிறார், அவன் கீழ்ப்படிகிறான். முடிந்தது. அதற்கு மேல் இரண்டு வாக்கியம் தாண்டக் கூடாது. உங்கள் 2,800 சொல்லில் பாதிக்கு மேல் உச்சத்துக்குப் பிறகு வருகிற சமாதானமும் அறிவுரையுமாகத்தான் இருக்கும் என்று சந்தேகம். 1,300க்குக் கொண்டுவாருங்கள், தொல்லை முதல் 150 சொல்லுக்குள் தொடங்கிவிடட்டும்.

பழையபேனா:
டைரி பற்றி. டைரி வைத்தால் தானாகச் சிரிப்பு வரும் என்று நினைத்து மாற்றாதீர்கள். எழுதுகிறவனுக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது, அதுதான் டைரியின் ஒரே பலம். "அப்போது எனக்குத் தெரியவில்லை, ஆனால் பிறகு..." என்று ஒரு இடத்தில் வந்தாலும் வடிவம் உடைந்துவிடும். ஒன்பது வயதுப் பையன் இரவு உட்கார்ந்து இரண்டு பக்க உரையாடலை வரிக்கு வரி எழுதுவான் என்று யாரும் நம்பவும் மாட்டார்கள். டைரிக்குள் உரையாடல் நாலு வரி தாண்டினால் சந்தேகப்படுங்கள். உங்கள் முடிவெட்டும் காட்சி உரையாடலில்தான் நிற்கிறது, அதனால் அதற்கு டைரி பொருந்தாது.

டைரி நன்றாக வேலை செய்வது, எழுதுகிறவன் கண்டும் புரிந்துகொள்ளாத விஷயம் ஒன்று வீட்டில் ஓடும்போது. சூ டவுன்சென்ட் 1982இல் வெளியிட்ட நாவலான ஏட்ரியன் மோல் டைரியில், அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று வாசகருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. பதின்மூன்றே முக்கால் வயதுப் பையன் எல்லாவற்றையும் பதிவு செய்கிறான், ஒன்றையும் கூட்டிப் பார்ப்பதில்லை. அந்த மாதிரி வேண்டுமென்றால் மூன்று தடயம் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பையன் தப்பான, ஆனால் பொருத்தமான விளக்கம் சொல்லட்டும். இரண்டாவதிலேயே வாசகர் பிடித்துவிடவேண்டும், மூன்றாவது அவருக்குப் பரிசு.

மொழி விஷயத்தில் என் யோசனை: கதை சொல்வது எளிய எழுத்துநடை, குட்டி வாக்கியங்கள். உரையாடல் மட்டும் பேச்சு. முழுப் புத்தகமும் பேச்சுத்தமிழில் போனால் பத்துப் பக்கத்துக்குமேல் கண் திணறும், எட்டு வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது இன்னும் சிரமம். பாடப்புத்தகத்தில் பார்த்துப் பழகிய சொல் வடிவம் இங்கே இருக்காது. இன்னொன்று, "சமமாகாமல் விடமாட்டாள்" என்று விறைப்பாகச் சொல்லும்போது வருகிற குறும்பு "விடவே மாட்டா" என்பதில் பாதிதான் வரும். பேச்சு வரும் இடங்களில் எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவுசெய்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வந்துட்டான் / வந்திட்டான், என்னன்னு / என்னான்னு, இல்ல / இல்லை. ஒரே ஆள் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாகப் பேசினால் மெய்ப்புத் திருத்துகிறவர் தலையில் கைவைத்துக்கொள்வார். பாட்டிக்கு மட்டும் தனி வடிவம் கொடுக்கலாம், மற்ற எல்லோருக்கும் பொது வடிவம் போதும்.

ஆச்சரியக்குறியை அத்தியாயத்துக்கு ஒன்று என்று வையுங்கள். அதுவும் யாராவது கத்தும்போது.

கடைசிபெஞ்ச்:
ஓரக்குறிப்பு சொன்னதில் இரண்டு இடத்தில் ஒத்துப்போகவில்லை.

150 சொல்லுக்குள் தொல்லை என்பது இரண்டாவது அத்தியாயத்திலிருந்து சரி. முதல் அத்தியாயத்தில் வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் முடியை வெட்டினால் அது வெறும் முடிதான். நான் சொல்வது ஆட்களின் விசித்திரப் பழக்கங்களை அல்ல. காது கேட்காத பாட்டி, மறதி அப்பா எல்லாம் எழுதித் தேய்ந்துபோன ஆட்கள். ஒவ்வொருவருக்கும் புத்தகம் முழுக்க ஓடுகிற ஒரு ஆசை வேண்டும். அப்பாவுக்கு ஞாயிறு மதியம் ஒரு மணி நேரத் தூக்கம். அம்மாவுக்கு எல்லோரும் சேர்ந்து நிற்கும் ஒரு நல்ல போட்டோ. தம்பிக்கு அண்ணன் செய்வதையெல்லாம் செய்யவேண்டும். இந்த ஆசைகள் ஒன்றோடொன்று மோதினாலே சம்பவம் பிறக்கும். இதற்கு 300 சொல் செலவழிக்கலாம், தப்பில்லை.

உணர்ச்சிச் சொல்லை முழுக்க அடிப்பதும் ஆபத்து. பன்னிரண்டு அத்தியாயமும் பையன் கல்லாக நின்றால் கடைசியில் கார்ட்டூன் ஆகிவிடுவான். பெவர்லி கிளியரி 1981இல் எழுதிய "ரமோனா குவிம்பி, வயது 8" புத்தகத்தில் முட்டைச் சம்பவத்தைப் பாருங்கள். அவித்த முட்டையைத் தலையில் தட்டி உடைப்பது அப்போது அந்த வகுப்பில் மோஸ்தர். ரமோனா தட்டுகிறாள், அம்மா தவறுதலாக வைத்தனுப்பியது பச்சை முட்டை. அது சிரிப்பு. பள்ளி அலுவலகத்தில் தலையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, ஆசிரியை தன்னைத் தொந்தரவு பிடித்தவள் என்று சொல்வது அவள் காதில் விழுகிறது. வலி அங்கே வருகிறது, வேறு வாசல் வழியாக. முட்டைக்காகவே அவள் அழுதிருந்தால் இரண்டும் கெட்டிருக்கும். ஆகவே உணர்ச்சி வேண்டும், சிரிப்பு வந்த அதே காரணத்துக்காக மட்டும் வேண்டாம்.

ஓரக்குறிப்பு:
இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன், என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். முதலாவதில் இன்னும் பிடிவாதம்தான்: அந்த 300 சொல்லையும் பேரத்துக்குள்ளேயே ஒளித்துவிடலாம். அக்கா கேட்கும் கூலியே அவள் யார் என்று காட்டிவிடும்.

நாலாம்பக்கம்:
நிஜ ஆட்கள் கேள்விக்கு. ஜெரால்ட் டரல் தன் குடும்பத்தோடு கோர்ஃபு தீவில் கழித்த சிறுவயதை நினைவுநூலாக 1956இல் வெளியிட்டார். புத்தகத்தில் மூத்த அண்ணன் லாரி கல்யாணமாகாமல் அதே வீட்டில் இருந்துகொண்டு எல்லோரையும் சீண்டுகிறார். நிஜத்தில் லாரிக்கு மனைவி உண்டு, இருவரும் தனி வீட்டில் இருந்தார்கள். மனைவி புத்தகத்தில் இல்லவே இல்லை. சண்டை போட ஆட்கள் ஒரே மேஜையில் இருக்கவேண்டும், அதற்காகச் செய்த வேலை. நீங்கள் நாவல் எழுதுகிறீர்கள், உங்களுக்கு இதைவிடச் சுதந்திரம் அதிகம். பையனைத் தவிர ஐந்து பேருக்குமேல் வீட்டில் வைக்காதீர்கள். இரண்டு மாமாக்கள் இருந்தால் ஒருவராக்குங்கள். மூன்று வருடத்தில் நடந்ததை ஒரு கல்வியாண்டுக்குள் அடையுங்கள், ஜூனில் தொடங்கினால் பரீட்சை, லீவு எல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

எதைப் போடக் கூடாது என்பதற்கு ஒரு சோதனை. அந்தத் தம்பி இன்று வளர்ந்த ஆளாக அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க, சக ஊழியர் இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி செய்த காரியம் என்றால் அவரும் சிரிப்பார். படுக்கை நனைத்தது, திக்குவாய், தேர்வில் தோற்றது மாதிரி அவர் கையில் இல்லாத விஷயம் என்றால் சிரிக்கமாட்டார். அவற்றைக் கதை சொல்கிறவனுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். பெயர் மாற்றுவது மட்டும் மறைவாகாது, உறவு வரிசை அப்படியே இருந்தால் சொந்தக்காரர்கள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அக்காவை அண்ணனாக்கினால் பாதி வேலை முடிந்தது. கையெழுத்துப்படி அச்சுக்குப் போகுமுன் சம்பந்தப்பட்டவர்களிடம் அந்தப் பக்கங்களை மட்டும் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அடியை நகைச்சுவையாக வைக்காதீர்கள். பழைய புத்தகங்களில் அத்தியாயம் பிரம்படியில் முடியும். இன்றைய பிள்ளைக்கு அது கதையை நிறுத்திவிடும். அம்மா ஒன்றுமே சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு அப்பாவைக் கூப்பிடுவது அதைவிடப் பயம், அதைவிடச் சிரிப்பு.

பாரக்கணக்கு:
படம், பக்கம். டெம்மி 1/8 என்ற புத்தக அளவில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சாகி மடிக்கப்படும் தொகுதி, 16 பக்கம். எட்டு பாரம் என்றால் 128. அத்தியாயத்துக்கு 1,300 சொல் வீதம் 12க்கு 15,600. பிள்ளைகளுக்கான பெரிய எழுத்தில் பக்கத்துக்குச் சுமார் 170 சொல் பிடிக்கும், ஆக 92 பக்கம். அரைப்பக்கக் கோட்டோவியம் 36 வைத்தால் 18 பக்கம். அத்தியாயத் தலைப்புக்கு அரைப்பக்கம் வீதம் 6, கதைக்கு முன்னால் வரும் தலைப்பு, பதிப்பு விவரப் பக்கங்கள் 6. மொத்தம் 122, கையில் 6 மிச்சம். இது சௌகரியமான நிலை. 130 வந்தால் இரண்டு பக்கத்துக்காக அரை பாரம் சேர்க்கவேண்டிவரும், அதைவிட நாலு படத்தைக் குறைப்பது மேல்.

எழுத்தில் சொன்னதையே படம் திருப்பிச் சொல்லக் கூடாது. "சமமாகாமல் விடமாட்டாள்" என்பதற்குப் பக்கத்தில் மொட்டைத் தலையை வரைந்தால் வாக்கியம் செத்தது. அங்கே தரையில் கிடக்கும் முடிக்குவியலும், அதைச் சேகரித்து டப்பாவில் போடும் தம்பியும் போதும். தலையின் படத்தை, வாசகர் அடுத்த தாளைப் புரட்டினால்தான் தெரியும்படி வையுங்கள், அதாவது இரட்டை எண் பக்கத்தில், இடப்புறம் மேலே. எதிர்ப்பக்கத்தில் வைத்தால் கண் முதலில் அங்கே ஓடிவிடும். ஓவியருக்கு "வேடிக்கையாக வரையுங்கள்" என்று குறிப்பு எழுதாதீர்கள். யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு என்ன தெரியாது என்று மட்டும் எழுதுங்கள்.

மைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. டைரி வேண்டாம் என்று முடிவு. ஒன்று பாக்கி: ஏழாவது அத்தியாயத்தில் அப்பாவுக்கு வேலை போகிறது. அதை எடுத்துவிடுவதா?

கடைசிபெஞ்ச்:
எடுக்காதீர்கள். பெரிய துன்பம் பின்னால் இருக்கட்டும், பிள்ளையின் சின்னத் திட்டம் முன்னால் ஓடட்டும். கிளியரியின் 1977 புத்தகத்தில் ரமோனாவின் அப்பாவுக்கு வேலை போகிறது. அவள் அவருடைய சிகரெட்டை நிறுத்த முழுமூச்சாக இறங்குகிறாள். வேலையைத் திருப்பிக் கொண்டுவர அவளால் முடியாது, சிகரெட் அவள் கைக்கு எட்டும். உங்கள் பையன் வீட்டுச் செலவைக் குறைக்கக் கிளம்பட்டும், குளித்துக்கொண்டிருக்கும் அக்காவிடமிருந்து ஆரம்பிக்கட்டும். வேலை அந்த அத்தியாயத்துக்குள் திரும்பக் கிடைக்கவேண்டாம், பத்தாவது வரை இழுங்கள். அப்பாவின் ஞாயிறு தூக்கத்துக்கு இனி தினமும் நேரம் உண்டு, ஆனால் அவர் தூங்குவதில்லை. அதைப் பையன் ஒரு வரியில் பார்த்துவிட்டு அடுத்த வரியில் குழாயை மூடப் போகட்டும்.