ரிஃப்ட் வேலி காய்ச்சல்: ஆட்டுக் கப்பலைச் சவூதி நிறுத்தியது சரியா?

கிடைக்காரன்:
2000 செப்டம்பரில் சவூதியின் ஜிசானிலும் பக்கத்து யேமனிலும் ஆடுமாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும் வைரஸ் நோயான ரிஃப்ட் வேலி காய்ச்சல் பரவியது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அந்த நோய் தலைகாட்டியது அதுதான் முதல் முறை. உடனே சோமாலியாப் பக்கமிருந்து ஆடுமாடு இறக்குவதைச் சவூதி நிறுத்தியது. தடை நீங்க 2009 ஆயிற்று. சோமாலியாவின் வடகரையில் ஆடு ஏற்றுமதியாகும் பெர்பெரா துறைமுகத்தை நம்பிப் பிழைத்த மேய்ச்சல்காரர்கள் வயிற்றில் அடித்த வேலை அது. எங்கள் வீட்டிலும் கிடை போட்டுப் பிழைத்தவர்கள்தான். ஒரு ஹஜ் பருவம் விற்காமல் போனாலே கடன் எந்த அளவுக்கு ஏறும் என்று எனக்குத் தெரியும்.

பழைய ஜிசான்வாசி:
தம்பி, நான் அப்போது ஜிசானில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தேன். எங்கள் கடைக்குப் பால் கொண்டுவருவார் ஒரு சூடானியர். செத்துப் பிறந்த குட்டியை வெறுங்கையால் இழுத்துப் போட்டவர். சில நாளில் காய்ச்சல். அது இறங்கியும் கண் தெளியவில்லை. ரியால் நோட்டை முகத்துக்கு நேரே பிடிக்காமல், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்ப்பார். நடுவில் கறுப்பாக ஒரு திட்டு நிற்கிறது என்பார். சவூதியில் மட்டும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கப்பலை நிறுத்தாமல் என்ன செய்வது?

கால்நடை டாக்டரம்மா:
அந்தக் கண் பாதிப்பு இந்த நோயில் வருவதுதான் அண்ணே. பெரும்பாலானோருக்குச் சாதாரணக் காய்ச்சலோடு போய்விடும். சிலருக்குத்தான் கண், மூளை, ரத்தப்போக்கு என்று முற்றும். கொசு கடித்து வருவதைவிட, நோய்கண்ட ஆட்டின் ரத்தம், நஞ்சுக்கொடி, ஈரல் கையில் படுவதால்தான் மனிதர்களுக்கு அதிகம் தொற்றுகிறது. மந்தையில் சினை ஆடுகள் வரிசையாகக் குட்டி வீசினால், அதாவது கரு கலைந்தால், அதுதான் முதல் அறிகுறி. 1997-98இல் கென்யாவிலும் சோமாலியாவிலும் பெருமழைக்குப் பின் பரவிய வைரஸுக்கு நெருங்கிய உறவுதான் ஜிசானில் கிடைத்தது. அதனால் ஆட்டோடு கடல் தாண்டியிருக்கும் என்ற சந்தேகம் நியாயமானதே.

கிடைக்காரன்:
சந்தேகம் நியாயம், மேடம். ஒன்பது வருடம் நியாயமா? இன்னொன்றும் சொல்கிறேன். குட்டி வீசியதைச் சொன்னால் சந்தையை மூடுவார்கள் என்று தெரிந்தால் எவன் சொல்வான்? ராவோடு ராவாக மந்தையை ஓட்டி வேறு ஊரில் விற்பான். தடையே நோயை ஒளிக்கச் சொல்லிக்கொடுக்கிறது. தடுப்பூசி இருக்கிறதே, அதை முன்கூட்டியே போட்டால் என்ன?

கால்நடை டாக்டரம்மா:
அதில் ஒரு சிக்கல். பழைய உயிருள்ள தடுப்பூசியைச் சினை ஆட்டுக்குப் போட்டால் அதுவே குட்டி வீச வைக்கலாம். நோய் வந்தபின் ஒரே ஊசியால் மந்தை முழுக்கக் குத்தினால் நாமே பரப்புகிறோம். மழைக்கு முன்பே போட வேண்டும். இந்த வைரஸ் ஏடிஸ் கொசு முட்டைக்குள் காய்ந்த மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், பள்ளத்தில் வெள்ளம் நின்றால் எழும். 2006இல் கடல் வெப்பத்தையும் மழையையும் செயற்கைக்கோளில் பார்த்து முன்கூட்டியே எச்சரித்தார்கள். அப்படியும் டிசம்பருக்குள் கென்யாவின் காரிசாவில் ஆட்கள் விழத் தொடங்கிவிட்டார்கள். எச்சரிக்கை வந்த பிறகு மருந்து வாங்கி, வெள்ளத்தில் சாலை போன ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது லேசில்லை.

பழைய ஜிசான்வாசி:
ஒளிப்பார்கள் என்று தம்பி சொல்வதை மறுக்க முடியவில்லை. சரி, ஒன்பது வருடம் அதிகம்தான். பெர்பெராவில் அடைத்துவைத்து, ரத்தம் பார்த்து அனுப்பட்டும், ஏற்கிறேன். ஆனால் அங்கே வெள்ளம் நின்ற வருடத்தில் ஒரு ஆடும் ஏறக்கூடாது. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

கிடைக்காரன்:
அந்த வருடம் அவர்கள் எதைத் தின்பது அண்ணே?

பழைய ஜிசான்வாசி:
கறி வாங்குகிற நாடு பாதி விலையாவது கொடுக்கட்டும். வீட்டில் நோய் புகாமல் இருக்கத்தானே தடை போடுகிறோம், அதற்கான செலவு நம்முடையது.

கிடைக்காரன்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன். பாதி போதாது என்பதில் மட்டும் நிற்கிறேன்.